மாமி தந்த சிறுநீரகமும் எங்கள் கடற்கரைச் சாளையும்

மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடலாமா? தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை, பாறசாலை, கொல்லங்கோடு வட்டாரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் ஃபோன்களில் இந்தக் கேள்வி கட்டாயம் இருக்கும். என் கணவருக்கு அவருடைய அம்மா, அதாவது என் மாமி, சிறுநீரகம் கொடுத்து, திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை நடந்து, பல வருடங்கள் ஆகிவிட்டன. அவர் ரப்பர் ஷீட் வியாபாரத்துக்கு மறுபடியும் போய்வருகிறார். அதனால் பக்கத்து ஊர்களில் யாருக்காவது டயாலிசிஸ் தொடங்கினால், எப்படியோ நம்பர் தேடிப் பிடித்துக் கூப்பிடுவார்கள். முதலில் செலவு, பிறகு காப்பீடு, பிறகு யார் கொடுக்கலாம் என்ற விஷயம். அதெல்லாம் பேசி முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சாப்பாட்டுக்கு வருவார்கள். எங்கள் ஊரில் சாப்பாடு என்றால் மீன்தான், அதிலும் சாளை என்கிற மத்தி.

இந்த விஷயத்தில் இரண்டு வகையான அறிவுரை ஊரில் சுற்றுகிறது. வயதானவர்கள், வயிற்றைக் கீறி வைத்தவனுக்கு மீன் ஆகாது, அயிலை (கானாங்கெளுத்தி) சூடு, சாளை தின்றால் கரப்பான் புண் வரும், வாழ்நாள் முழுக்கப் பத்தியம் என்பார்கள். இளையவர்கள், குறிப்பாகக் கல்ஃபில் இருப்பவர்கள், மீன் வேண்டாம், மீன் எண்ணெய் மாத்திரை போதும் என்பார்கள். ஊருக்கு வரும்போது பெரிய பாட்டிலாக வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிடுவார்கள். இரண்டையும் நான் ஏற்பதில்லை. கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: மாத்திரையை உங்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள், சாளையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கட்டாயம் சாப்பிடுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று ஃபோனில் விளக்க நேரம் போதாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பயத்தைப் பற்றிப் பேச வேண்டும். மாற்று அறுவை சிகிச்சை செய்த வீட்டில் எல்லாருக்கும் ஒரே பயம், உடம்பு அந்தச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடுமோ என்பது. ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்ததும் நேராக, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எண்ணைத்தான் பார்ப்போம். மாமி எழுத்துக்கூட்டிப் படிப்பவர்; அவருக்குக்கூட அந்த வரி எங்கே இருக்கும் என்று தெரியும். ஆனால் முதல் வருடம் கடந்த பிறகு உயிரைப் பறிப்பது பல நேரம் சிறுநீரகம் கெட்டுப்போவதல்ல. வைத்த சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்தும் பக்கவாதம் வந்தும் போகிறவர்கள் உலகமெங்கும் நிறைய. நம் நாட்டில் நோய்த்தொற்றும் இதோடு சேர்ந்துகொள்கிறது. நெடுநாள் நோயால் இதயமும் ரத்தக்குழாய்களும் முன்பே அடிபட்டிருக்கும். அதற்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றும். உடம்பு சிறுநீரகத்தைத் தள்ளாமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மாத்திரையும் தன் பங்குக்குச் சர்க்கரையைக் கூட்டும். ரத்த அழுத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நெடுங்காலம் வாழ வேண்டுமென்றால் இதயத்தைக் காப்பாற்ற வேண்டும். மீன் எண்ணெய் இங்கேதான் பேச்சுக்கு வருகிறது.

ஒமேகா-3 என்ற கொழுப்பில் கடலில் இருந்து வரும் இரண்டு வகைதான் இங்கே முக்கியம், இ.பி.ஏ., டி.எச்.ஏ. இவற்றைப் பெரும்பாலும் மீன் தானாக உண்டாக்கிக்கொள்வதில்லை. கடலில் மிதக்கும் நுண்ணிய பாசிகள் உண்டாக்குகின்றன, அவற்றைத் தின்னும் மீன்களின் உடம்பில் அது சேர்கிறது. நாம் அந்த மீனைச் சாப்பிட்டால் நம் உயிரணுக்களின் சவ்வில் போய் உட்கார்ந்து, ஏற்கெனவே அங்கே இருக்கும் அரகிடோனிக் அமிலம் என்ற வேறொரு கொழுப்புக்கு இடம் குறைத்துவிடும். அந்த அமிலத்திலிருந்துதான் ரத்தக்குழாயைச் சுருக்குகிற, ரத்தத்தை உறைய வைக்கிற திராம்பாக்சேன் உண்டாகிறது. எண்பதுகளில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்து மாற்றுச் சிறுநீரகங்களின் ஆயுளைக் கூட்டியது. ஆனால் அதே மருந்து சிறுநீரகத்துக்குள் போகும் சின்னக் குழாய்களைச் சுருக்கவும் செய்தது. அந்தச் சுருக்கத்தை மீன் எண்ணெய் தளர்த்துமா என்று பார்க்கத்தான் ஆரம்பகால ஆய்வுகள் நடந்தன.

அவற்றில் ஒன்றை எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. 1993-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகர மருத்துவர்கள் வெளியிட்டது. புதிதாகச் சிறுநீரகம் வைத்தவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஒரு வருடம் தினமும் 6 கிராம் மீன் எண்ணெய் கொடுத்தார்கள். அடுத்த பிரிவுக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, தினமும் 6 கிராம் தேங்காய் எண்ணெய்! சாளையும் தேங்காயும் எங்கள் அடுக்களையில் ஒரே சட்டியில் வேகும் சாமான்கள். அங்கே அவை எதிரெதிராக நின்றிருக்கின்றன. ஒரு வருட முடிவில் மீன் எண்ணெய்ப் பிரிவில் உடம்பு உறுப்பைத் தள்ளப் பார்த்த சம்பவங்கள் 8, தேங்காய் எண்ணெய்ப் பிரிவில் 20. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனும் மீன் எண்ணெய் குடித்தவர்களுக்கு மேலாக இருந்தது.

இதோடு நிறுத்தினால் பாட்டில் விற்பவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் விஷயம் இதோடு நிற்கவில்லை. வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே அளவு நன்மை திரும்பத் திரும்பக் கிடைக்கவில்லை. மருந்துகளும் மாறின, சைக்ளோஸ்போரின் இருந்த இடத்துக்குப் பெரும்பாலும் டாக்ரோலிமஸ் வந்துவிட்டது. 2016-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 15 ஆய்வுகளை, மொத்தம் 733 நோயாளிகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. மீன் எண்ணெயால் உயிரோ சிறுநீரகமோ கூடுதல் காலம் நிலைக்கும் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. நல்ல கொழுப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் சீரானது உண்மை, அவ்வளவுதான்.

நார்வேயிலிருந்து வந்த ஆய்வு வேறு மாதிரி. அந்த நாட்டில் எல்லாச் சிறுநீரக மாற்றும் ஆஸ்லோவில் உள்ள ஒரே மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஆகவே யாரும் கணக்கிலிருந்து தப்பிப்பதில்லை. 1999 முதல் 2011 வரை அங்கே சிறுநீரகம் வைத்துக்கொண்ட 1,990 பேரின் ரத்தத்தில், அறுவை முடிந்து பத்து வாரம் கழித்து, கடல் ஒமேகா-3 எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, பிறகு வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அளவு கூடுதலாக இருந்தவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வல்ல இது. ரத்தத்தில் இருந்ததைப் பார்த்த ஆய்வு. மீன் சாப்பிடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருந்திருக்கலாம், நடந்திருக்கலாம், புகை பிடிக்காமல் இருந்திருக்கலாம். அதையெல்லாம் கணக்கில் கழித்துப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். ஆனாலும் முழுக்கக் கழித்துவிட முடியாது. அதே மருத்துவர்கள் அடுத்து 132 பேரை வைத்து முறையான சோதனை செய்தார்கள். தினமும் 2.6 கிராம் இ.பி.ஏ., டி.எச்.ஏ., 44 வாரம். இன்னொரு பிரிவுக்கு ஆலிவ் எண்ணெய். சிறுநீரகத்தின் வேலையில் நிச்சயமாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் வரவில்லை. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இறங்கியது.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது: மீன் எண்ணெய் மாற்றுச் சிறுநீரகத்துக்கான மருந்தல்ல. ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை நெய்யுள்ள, அதாவது கொழுப்புள்ள, மீன் சாப்பிட்டு வருகிறவரின் ரத்தமும் இதயமும் நல்ல பக்கம் நிற்கின்றன. மருந்து என்றால் டாக்ரோலிமஸ்தான். காலையிலும் இரவிலும் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், வெறும் வயிற்றில், தவறாமல். கொழுப்பான சாப்பாட்டோடு அதைச் சேர்த்து விழுங்கினால் உடம்பு உறிஞ்சும் அளவு குறையும். மீன் குழம்பு எவ்வளவு மணத்தாலும் எங்கள் வீட்டில் மாத்திரைக்கும் சோற்றுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியிலும் என் கணவர் மணி பார்ப்பார்.

அந்தப் பாட்டில் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கும் சாதாரண 1,000 மில்லிகிராம் மீன் எண்ணெய்க் குளிகையில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக 300 மில்லிகிராம்தான் சரக்கு. மீதி வேறு கொழுப்பு. நார்வே சோதனையின் அளவை எட்ட அப்படிப்பட்ட குளிகை ஒன்பது வேண்டும். 1993 ஆய்வில் கொடுத்த எண்ணெய் செறிவானது, அதில் பாதி இந்தச் சரக்கு; அந்த அளவுக்குப் பத்து. தினமும் ஒன்று போட்டுக்கொண்டு, அந்த ஆய்வுகளில் சொன்ன நன்மை தனக்கும் கிடைக்கும் என்று நம்புகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் அந்தக் காசு பல வீடுகளில் ஸ்கேன் செலவுக்கு வைத்திருந்த காசு. அளவைக் கூட்டினால் சரியாகுமே என்று தோன்றும். கூட்டினால் சிலருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பயாப்சிக்கு, அதாவது சிறுநீரகத்தில் ஊசி விட்டுத் துணுக்கு எடுக்கும் சோதனைக்கு, போகிறவர்கள் இதைச் சொல்லாமல் போகவே கூடாது. ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக இருந்தால் டாக்டரே செறிவான ஒமேகா-3 எழுதித் தருவார். அது வேறு கதை.

எங்கள் வீட்டுக்கு வந்த பாட்டில் மீன் எண்ணெய்கூட இல்லை, காட் மீனின் ஈரல் எண்ணெய். பலருக்கும் இரண்டும் ஒன்றுதான். ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ நிறைய இருக்கும், சிறுநீரகம் மந்தமானவர்களுக்கு அது வெளியேறாமல் உடம்பில் தேங்கும். என் கணவர் அடுத்த பரிசோதனைக்குப் போனபோது பாட்டிலையே கையில் கொண்டுபோனோம். டாக்டர் லேபிளை வாசித்துவிட்டு, இதை வைத்துவிடுங்கள், வீட்டில் மத்தி வாங்க மாட்டீர்களா என்று கேட்டார். மத்தி என்று கேரளத்தில் சொல்வதைத்தான் நாங்கள் சாளை என்கிறோம்.

மாமிக்கு அந்தக் கேள்வி பெரிய வெற்றி. சொந்தக்காரர்கள் பத்தியம் பேசிய நாட்களில் அவர் ஒற்றை ஆளாக நின்று வாதாடியவர். “நான் மீன் தின்னு வளத்த கிட்னியாக்கும் அது. அதுக்கு மீனு ஆகாதுண்ணு எவம் சொன்னது?” என்பார். டயாலிசிஸ் காலத்தில் மகனுக்காக அவரும் சேர்ந்து பலதை விட்டிருந்தார். அப்போது முள்ளோடு மெல்லும் நெத்தோலிக்குத் தடை, பாஸ்பரஸ் ஏறும் என்று. கருவாட்டுக்கு உப்பினால் தடை, குழம்புக்குத் தண்ணீர்க் கணக்கினால் தடை. சிறுநீரகம் வைத்த பிறகு, ரத்தப் பரிசோதனை எண்கள் சீரானதும், டாக்டர் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார். ஊரில் இன்னும் அந்தப் பழைய தடைகளே ஓடுகின்றன. டயாலிசிஸ் பத்தியத்தையும் மாற்றுக்குப் பிறகான சாப்பாட்டையும் குழப்பிக்கொள்வதால், புரதம் வேண்டிய நேரத்தில் கஞ்சியும் பப்படமும் சாப்பிட்டு மெலிந்துபோகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சாளையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இது எல்லா மாதமும் ஒரே மீன் அல்ல. தென்மேற்குப் பருவமழை அடித்துக் கடல் கலங்கி, அடியிலிருந்து சத்து மேலே வந்து, பாசி பெருகி, அதைத் தின்று தின்று மழைக்குப் பிந்தைய மாதங்களில் சாளை கொழுக்கும். அப்போது வாங்கினால் வயிற்றுப் பக்கம் விரலை வைத்ததும் வழுக்கும். கத்தியில் எண்ணெய் ஒட்டும், கை கழுவினாலும் சோப்பு நுரைக்காது. குழம்பு கொதித்து இறங்கியதும் மேலே மஞ்சளாக நெய் படரும். அந்த நெய்தான் ஆஸ்லோவில் அளந்த சரக்கு. கொழுத்த பருவத்தில் 100 கிராம் சாளையில் கடல் ஒமேகா-3 ஒரு கிராமுக்கு மேலேயே இருக்கும், அதாவது மூன்று நான்கு குளிகைகளின் அளவு. மெலிந்த பருவத்தில் இது வெகுவாகக் குறைந்துவிடும். முன்காலத்தில் மலபார்க் கரையில் இந்த மீனைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து வள்ளத்துக்குப் பூசுவார்களாம். மரம் கெடாமல் இருக்க.

எங்கள் தெருவுக்குக் காலையில் வரும் மீன்கார அக்காவுக்கு இது எந்த ஆய்வும் படிக்காமல் தெரியும். தலைச்சுமையை இறக்கி, மேல்மூடியைத் தள்ளி, ஒரு சாளையை எடுத்து என் கையில் வைத்து அமுக்கச் சொல்வார். “இண்ணைக்குள்ளத கண்டியா மக்கா, நெய்யி பிடிச்சு கெடக்கு. ஒனக்க மாப்பிளைக்கு நல்லதாக்கும்.” மெலிந்திருக்கும் நாளில், “இண்ணைக்கு வேண்டாம், அயிலை எடு” என்று அவரே சொல்லிவிடுவார். தேங்காப்பட்டணத்திலிருந்தும் விழிஞ்ஞத்திலிருந்தும் மீன் வருகிறது. எந்தக் கரை, எந்த நேரத்துப் பாடு (பிடிப்பு) என்று கேட்டால் மறைக்காமல் சொல்வார். ஐஸில் கிடந்ததா, வெயிலில் கிடந்ததா என்பது எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் குறைத்து வைத்திருக்கும் ஒருவருக்கு உயிர் விஷயம். அந்த அக்காவிடம் நாங்கள் என் கணவருடைய நோயைப் பற்றி முழுக்கச் சொல்லியிருக்கிறோம்.

சமைப்பதில் ஒரு மாற்றம்தான் செய்தேன். முன்பு எங்கள் வீட்டில் சாளை என்றால் பாதி பொரிப்புக்குப் போகும். பொரித்தால் மீனின் நெய் வாணலியில் இறங்கி, வாணலி எண்ணெய் மீனுக்குள் ஏறிவிடும். இப்போது குழம்பு, இல்லாவிட்டால் அவியல். தேங்காயோடு சின்ன உள்ளி, நல்லமிளகு, மஞ்சள் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, புளியும் பச்சைமிளகாயும் போட்டுச் சட்டியில் மூடி வேக வைத்தால் எண்ணெயே தேவையில்லை. உப்பு பாதி. மாமிக்கு முதலில் உப்பில்லாத அவியல் பிடிக்கவில்லை. புளியைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டதும் சரி என்றார். மரச்சீனிக்கிழங்கு முன்பு போல மலையாகக் குவிப்பதில்லை. ஸ்டீராய்டு எடுப்பவருக்குச் சர்க்கரை ஏற அது போதும். மீன் நல்லது என்று சொல்லிக்கொண்டு கிழங்கை அள்ளி வைத்தால் பயனில்லை. மீன் தின்னும் கேரளத்தில்தான் சர்க்கரை நோயும் மாரடைப்பும் இத்தனை இருக்கின்றன என்பதை நாம் மறக்கக் கூடாது.

வேண்டாதவையும் உண்டு. எங்கள் கரையில் பாறையில் பிடிக்கும் சிப்பி பலருக்கு உயிர். அது சரியாக வேகாவிட்டால் மாற்று வைத்தவருக்குப் பெரிய தொற்று வரும், அதனால் நாங்கள் வாங்குவதில்லை. சுறா, பெரிய சூரை, பெரிய நெய்மீன் (வஞ்சிரம்) இவற்றில் பாதரசம் சேர்ந்திருக்கும், ஆயுள் கூடிய பெரிய மீன்கள் என்பதால். விலை கூடினது சத்து கூடினது என்று நினைத்து நோயாளிக்கு நெய்மீன் வாங்கி வருகிறார்கள். சின்ன மீன்தான் இங்கே மேல். மீன் விஷயம் இல்லையென்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன்: பம்ப்ளிமாஸ் பழம் வேண்டாம், டாக்ரோலிமஸ் அளவை அது ஏற்றிவிடக்கூடும்.

இதில் எனக்கு உண்மையான கவலை சாளையின் விலை. 2012-இல் கேரளக் கரையில் ஏறக்குறைய 4 லட்சம் டன் சாளை கிடைத்தது. 2021-இல் அது 3,500 டன்னுக்கும் கீழே போனது. கொச்சியில் உள்ள கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கடல் சூடாவதையும், பசிபிக் கடல் சூடேறி வரும் எல் நினோவையும் காரணமாகச் சொல்கிறது. அடுத்த வருடம் ஓரளவு திரும்பி வந்தது, ஆனால் 2024 ஜூனில் கிலோ 400 ரூபாய் வரை போனது. ஏழையின் மீன் என்று சொன்னதை மாத்திரைக்கே கடன் வாங்கும் வீடு எப்படி வாங்கும்? ஜூன், ஜூலையில் விசைப்படகுத் தடை வேறு. வள்ளக்காரர்கள் கொண்டுவரும் கொஞ்சம்தான் அப்போது. அந்த மாதங்களில் நாங்கள் கிடைத்த சின்ன மீனோடு முட்டை, பயறு என்று ஓட்டுகிறோம். ஆளி விதையிலும் ஒமேகா-3 உண்டு. அது வேறு வகை, உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் இ.பி.ஏ.வாக மாற்றும். மீனே சாப்பிடாத குடும்பத்தார் கேட்டால் பாசியிலிருந்து எடுக்கும் எண்ணெய் ஒன்று இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள் என்கிறேன்.

கடைசியாக ஒரு கோரிக்கை. அறுவை முடிந்து வீட்டுக்கு வரும்போது எங்களுக்குத் தந்த உணவுத் தாளில் மீன் என்ற இடத்தில் ‘அளவோடு’ என்று மட்டும் இருந்தது. எந்த மீன், எப்படிச் சமைத்தது, எத்தனை தடவை, ஒரு வரியும் இல்லை. எல்லையின் இரண்டு பக்கத்திலும் சிறுநீரக மாற்று நடத்தும் மருத்துவமனைகள் அந்தத் தாளைத் தமிழிலும் மலையாளத்திலும் புதிதாக எழுத வேண்டும். சாளை அல்லது மத்தி, அயிலை, நெத்தோலி என்று பெயர் போட வேண்டும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவை, குழம்பாக அல்லது அவியலாக, பொரிக்காமல் என்று எழுத வேண்டும். கருவாடு, சிப்பி, சுறா தனி வரியில் வரட்டும். அதன் கீழே, எந்தக் குளிகை வாங்கினாலும் பாட்டிலோடு வந்து காட்டவும் என்று பெரிய எழுத்தில் போட்டால், எனக்கு வரும் ஃபோன்களில் பாதி குறையும். அது குறைந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.